கொக்கி மூடிய சங்கிலிகள்

பிப்ரவரி 2, ஞாயிறு

வருஷக் கடைசியில் ஒரு நகைக்கடை வாசலில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் டைரி கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று கிடைத்தது. பக்கத்துக்குப் பக்கம் தங்க நெக்லஸ் படம். பிளாட்பாரத்தில் கவரிங் விற்கிறவளுக்குத் தங்கக்கடை டைரி. சிரிப்பாகத்தான் இருந்தது. ஜனவரி முழுக்க வெற்றுத்தாளாகப் போய்விட்டது. பன்னிரண்டாவது வரை படித்தவள், எழுத்தாவது மறக்காமல் இருக்கட்டும் என்று இன்றைக்கு ஆரம்பிக்கிறேன்.

நான் பிலோமினா. நாற்பத்து நாலு வயது. திருச்சி பாலக்கரையில் ஒற்றை அறை வீடு. தம்பி ஜெரால்டு என்னோடு இருக்கிறான். அம்மா போனபோது அவனுக்கு நாலு வயது, எனக்குப் பதினேழு. அதற்குப் பிறகு எனக்குக் கல்யாணம் என்று யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவனுக்கு இப்போது முப்பத்தொன்று. இன்னமும் சோற்றைப் பிசைந்து வைத்தால்தான் இரண்டு வாய் கூடச் சாப்பிடுகிறான்.

என் தொழில் யாரோ தொலைத்த கவரிங்கை யாரோ வாங்கிப் போட்டுக்கொள்ளும்படி செய்வது. கல்யாண மண்டபம் பெருக்குகிறவர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். பஸ் ஸ்டாண்டு பெருக்குகிறவர்கள் கொடுப்பார்கள். ஜெரால்டு உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையிலிருந்து பொறுக்கிக்கொண்டு வருவான். கறுத்துப்போனதைப் புளியில் ஊறவைத்து, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் தேய்த்து, அறுந்ததைப் பற்றவைத்து, பட்டறையில் முலாம் போட்டு வாங்கினால் புதுசு. கொக்கிப் பக்கம் எல்லாரும் ஒற்றை வளையம் போடுவார்கள். நான் இரட்டை வளையம் போட்டுப் பற்றவைப்பேன். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் என் வேலை எனக்குத் தெரியும்.

மண்டபத்திலிருந்து வருகிற சங்கிலிகளில் கொக்கி திறந்திருக்கும். கழன்று விழுந்தவை அப்படித்தான் இருக்கும். ஜெரால்டு கொண்டுவருகிறவற்றில் கொக்கி மூடியே இருக்கும், சங்கிலி நடுவில் அறுந்திருக்கும். வாய்க்கால் பக்கம் விழுகிறவை அப்படி போல.

இன்று மேம்பாலத்துக்குக் கீழே ஞாயிறு சந்தையில் நல்ல கூட்டம். நர்சரி ஸ்கூல் ஹேமா டீச்சர் வந்தார். நவம்பரில் என்னிடம் ஒரு சங்கிலி வாங்கியவர். அவருடைய அஞ்சு பவுன் சங்கிலி, தங்கச்சி ஆபரேஷனுக்காக அடகுக்குப் போய்விட்டது. வீட்டுக்காரருக்குத் தெரியாது. தாலியை மஞ்சள் கயிற்றில் தனியாக உள்ளே போட்டுக்கொண்டு, மேலே அதே மாதிரி தெரிகிற என் சங்கிலி. அதில் மூன்று ஊக்கும் பீரோ சாவியும் தொங்குகின்றன.

“கறுக்கவே இல்ல பாத்தீங்களா?” என்று குனிந்து காட்டினார். பச்சைக்கல் மூக்குத்தி மின்னியது.

“என் வேலை டீச்சர். இழுத்துப் பாருங்க. மாட்டைக் கட்டினாலும் அறாது.”

“ஐயோ, நான் மாடு இல்லீங்க” என்று சிரித்தார். கொஞ்ச தூரத்தில் ஸ்கூட்டரில் அவர் வீட்டுக்காரர் ஹாரன் அடித்தார். ஓடிப்போய்ப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

பக்கத்தில் கிளிப், ரிப்பன் விற்கிற தேன்மொழி, “உன் வாய்க்கே ஒரு பாலிஷ் போட்ருக்கேக்கா” என்றாள். அவளிடம் பேச்சில் ஜெயிக்க முடியாது.

பிப்ரவரி 6, வியாழன்

ஜெரால்டு மதியமே வந்துவிட்டான். முழங்கையெல்லாம் சிராய்ப்பு. வண்டி சறுக்கிவிட்டதாம். பாக்கெட்டிலிருந்து ஒரு சங்கிலியை எடுத்து மேஜையில் போட்டான்.

நடுவில் அறுந்திருந்தது. கொக்கி மூடியிருந்தது. கொக்கிப் பக்கம் இரட்டை வளையம். மூன்று ஊக்கு. ஒரு சின்னச் சாவி. வளையத்தில் இரண்டு மூன்று தலைமுடி சிக்கியிருந்தது.

“எங்கடா?”

“வாய்க்கா பக்கம். கெடந்துச்சு.”

கை கழுவப் போனவன் திரும்பிப் பார்க்காமலே சொன்னான்: “இவ்ளோ கெட்டியா பத்த வச்சிருக்க வேணாம்க்கா.”

எதற்குச் சொன்னான் என்று கேட்கவில்லை. மத்திக் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டான். டீச்சர் எங்கேயோ தொலைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கொடுத்துவிட வேண்டும். அதுவரை பிஸ்கட் டின்னில் இருக்கட்டும்.

பிப்ரவரி 7, வெள்ளி

ஜெரால்டுக்குக் காய்ச்சல். வண்டிக்கு வேறு பெயின்ட் அடிக்கப்போகிறானாம். இருக்கிற சிவப்பே நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். கேட்கவில்லை.

பிப்ரவரி 8, சனி

டீக்கடையில் பேப்பர் பார்த்தேன். வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு, கணவரோடு ஸ்கூட்டரில் போன ஆசிரியையின் கழுத்திலிருந்து அஞ்சு பவுன் சங்கிலி பறிப்பு. ஹெல்மெட் போட்ட ஒருவன், பைக்கில் தனியாக வந்திருக்கிறான். சங்கிலி உடனே அறவில்லை. அதோடு சேர்த்து இழுத்ததில் அந்த அம்மா கீழே விழுந்து, சாலை நடுவில் இருக்கிற சிமெண்டுக் கட்டையில் தலை மோதி, பெரிய ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் இருக்கிறார். போட்டோ சின்னதாக இருந்தது. மூக்குத்தி போட்டவர்கள் ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

ஆனால் அது ஹேமா டீச்சர்தான். பெயரும் போட்டிருந்தார்கள்.

கடைகளில் விற்கிற சாதாரணக் கவரிங் என்றால் இழுத்ததும் கையோடு வந்திருக்கும். டீச்சர் ஸ்கூட்டரிலேயே உட்கார்ந்து கத்திக்கொண்டு போயிருப்பார், அவ்வளவுதான். இரட்டை வளையம். மாட்டைக் கட்டலாம் என்று இந்த வாயால் சொன்னேன்.

பேப்பரை ஜெரால்டுக்குத் தெரியாமல் ஒளித்துவைக்கலாம் என்று வாங்கிக்கொண்டு வந்தேன். அவன் தலையணைக்கு அடியில் அதே பேப்பர் இருந்தது. அதே பக்கம் வெளியே தெரிய மடித்து வைத்திருந்தான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

சந்தை. டீச்சர் வரவில்லை. எப்படி வருவார்.

ஒரு கல்யாண வீட்டுக் கும்பல் வந்து ஜிமிக்கியும் வளையலும் அள்ளிக்கொண்டு போயிற்று. சிரித்துப் பேசித்தான் விற்றேன். சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

டீச்சர் காலையில் இறந்துவிட்டார்.

பிப்ரவரி 13, வியாழன்

தேன்மொழி வீட்டுக்காரர் கதிரேசனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது. லாரி ஆபீசில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவரை அப்படியே ஜீப்பில் ஏற்றினார்களாம். ஏழு வருஷத்துக்கு முன்னால் லாரி பேட்டரி திருடியதாக அவர் மேல் ஒரு கேஸ் உண்டு. சங்கிலி பறிக்கிறவனுக்கும் பேட்டரி திருடுகிறவனுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் செத்துப்போனது ஒரு டீச்சர். யாரையாவது பிடித்தாக வேண்டும்.

தேன்மொழி என் மடியில் படுத்து அழுதாள். “அன்னிக்கு அவரு எட்டு மணிலருந்து லோடு எறக்கினாருக்கா. மேஸ்திரி வாயைத் தெறக்க மாட்டேங்கிறாரு, பயம். சங்கிலிய எங்க வித்தேன்னு கேட்டுக் கேட்டு அடிக்கிறாங்க. இல்லாத சங்கிலிய அவரு எங்கேர்ந்து குடுப்பாரு?”

அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அவளுடைய ஆறு வயது மகள் யாழினி, பிஸ்கட் கேட்டாள். வலிப்பு வந்து இரண்டு தடவை செத்துப் பிழைத்த பிள்ளை. அலமாரியில் இருக்கிற டின்னை எட்டி எடுக்கப் போனாள். “அதுல பிஸ்கட் இல்லடி” என்று கத்திவிட்டேன். பிள்ளை பயந்துபோய்விட்டது. தேன்மொழி கூட நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் கடையில் போய் ஒரு பாக்கெட் வாங்கிக்கொடுத்தேன்.

பிப்ரவரி 15, சனி

சங்கிலியை வாய்க்காலில் போட்டுவிடலாம் என்று முந்தானையில் முடிந்துகொண்டு பாலம் வரை போனேன். பாலத்தில் போலீஸ் நின்று வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தது. என்னை ஒருவரும் நிறுத்தவில்லை. கவரிங் விற்கிற பொம்பளையை யார் பார்க்கிறார்கள்? இருந்தும் திரும்பி வந்துவிட்டேன்.

ஸ்டேஷன் அங்கேயிருந்து இருநூறு அடிதான். அந்தப் பக்கமும் பார்த்தேன். உள்ளே போய், ஐயா, சங்கிலி இது, தங்கமே இல்லை, கதிரேசனை விட்டுவிடுங்கள் என்று சொல்லலாம். உனக்கு யார் கொடுத்தது என்பார்கள். அதோடு முடிந்தது.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஜெரால்டு இன்றைக்கு என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். எதற்கு என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. “இனிமே அந்தப் பக்கமே போமாட்டேன்க்கா, அம்மா மேல ஆணை” என்றான். வாய்க்கால் பக்கத்தைத்தான் சொல்கிறான். அம்மா முகம் அவனுக்கு ஞாபகம் கூட இருக்காது.

தலையைத் தடவினேன். உச்சியில் அம்மைத் தழும்பு இன்னும் இருக்கிறது. அந்த அம்மைக்கு நான் பதினெட்டு நாள் வேப்பிலையும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 19, புதன்

தேன்மொழி காலையிலேயே வந்தாள். கண் வீங்கியிருந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

“ஸ்டேஷன்ல ஒருத்தரு சொன்னாருக்கா. நகை கைக்கு வந்துட்டா அடிக்கிறத நிறுத்திடுவாங்களாம். கேஸையும் சின்னதாக்கிடலாமாம். அஞ்சு பவுனுக்கு நான் எங்க போவேன்? நீ ஒன்னு குடுக்கா. பேப்பர்ல போட்ருக்கிற மாதிரியே ஒரு கவரிங். நீ பண்றது தங்கம் மாதிரியேதானே இருக்கு.”

“உரசிப் பாப்பாங்கடி.”

“பாக்கட்டும். பாக்குற வரைக்கும் அடி வாங்காம இருப்பாருல்ல? நேத்து அவருக்கு நிக்கவே முடியலக்கா.”

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் திறந்தேன். ஜெரால்டு உள்ளே குளித்துக்கொண்டிருந்தான். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றுவிட்டது.

சாயங்காலம் வா, பற்றவைத்துத் தருகிறேன் என்றேன்.

என்னிடம் அந்த மாடலில் இன்னும் நாலு சங்கிலி இருக்கின்றன. எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒன்று நீளம் குறைச்சல். ஒன்று கறுத்துவிட்டது. மற்ற இரண்டும் பழுதில்லை. ஆனால் பேப்பரில் சொல்லியிருந்ததற்கு டின்னில் இருந்ததுதான் சரியாகப் பொருந்தியது. அறுந்த இடத்தைப் பற்றவைத்தேன். தலைமுடியை எடுத்துப்போட்டேன். கழற்றி வைத்திருந்த ஊக்குகளைத் திரும்ப மாட்டினேன். ஊக்கு இல்லாவிட்டால் கடையில் வாங்கியது போலப் புதுசாக இருக்கும், நம்ப மாட்டார்கள். சாவியையும் மாட்டினேன். சாவியை ஏன் மாட்டினேன் என்று எழுத உட்கார்ந்து ரொம்ப நேரமாகிவிட்டது. எல்லாம் சேர்ந்து இருந்தது, சேர்த்தே கொடுத்தேன்.

தேன்மொழி சங்கிலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “இந்த ஊக்கு, சாவி எல்லாம்...?”

“பழசு மாதிரி தெரியணும்ல?”

“எப்படித்தான் யோசிக்கிறியோ! நீ நல்லாருப்பக்கா.”

“நான் குடுத்தேன்னு வெளிய வரக்கூடாது. என் பொழப்பே போயிடும். யாழினி தலையில கைவச்சுச் சொல்லு.”

பிள்ளை கதவோரம் நின்று சடைப்பின்னலைக் கடித்துக்கொண்டிருந்தது. தேன்மொழி அதன் தலையில் கைவைத்தாள். “என் புள்ள மேல சத்தியமா சொல்லமாட்டேன்க்கா.”

பிப்ரவரி 20, வியாழன்

முலாம் பட்டறைக்குப் போனேன். வளையல் பன்னிரண்டு ஜோடி. வெயில் இப்போதே இப்படி அடித்தால் சித்திரையில் என்ன ஆகுமோ.

பிப்ரவரி 22, சனி

கதிரேசன் மேல் கொலைக் கேஸ்.

சந்தைக்காரர்கள் பேசிக்கொண்டதை எழுதுகிறேன். தேன்மொழி கொடுத்த சங்கிலியை டீச்சருடைய வீட்டுக்காரரிடம் காட்டியிருக்கிறார்கள். அவர் ஊக்குகளைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு அழுதாராம். ஒரு ஊக்கில் டீச்சர் சுற்றியிருந்த சிவப்பு நூல் இருந்ததாம். நான் கவனிக்கவில்லை. பீரோ சாவியைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். திறந்துவிட்டது. உள்ளே புடவைக்கு அடியில் அடகுச் சீட்டு. அப்போதுதான் அந்த மனுஷனுக்குத் தன் மனைவி போட்டிருந்தது கவரிங் என்றே தெரிந்திருக்கிறது. ஒரு தங்கச்சி ஆபரேஷனைச் சொல்ல என்னிடம் பயந்தாளா என்று கேட்டுக் கேட்டு அழுதாராம்.

ஆக, பறிபோன சங்கிலி அதுவேதான். சந்தேகத்துக்கே இடமில்லை. குற்றவாளியின் பொண்டாட்டி தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள்.

போலீஸ் ஐயா கதிரேசனைக் கேட்டாராம்: கவரிங்னு தெரிஞ்சப்புறமும் எதுக்குடா வீட்ல வச்சிருந்தே?

பிப்ரவரி 23, ஞாயிறு

மழையே இல்லாமல் வானம் மூடியிருந்தது. சந்தைக்குப் போகவில்லை. ஜெரால்டுக்குக் கோழி எடுத்துக் குழம்பு வைத்தேன். நன்றாகச் சாப்பிட்டான். ரொம்ப நாளைக்கு அப்புறம் ரசம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டான். அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது போதும் என்று இருந்தது. அப்படி இருந்ததை நினைத்தால் பயமாகவும் இருக்கிறது.

மார்ச் 2, ஞாயிறு

தேன்மொழி வீட்டுக்கு வந்தாள். ஜெரால்டு தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

அவள் வாசலிலேயே நின்றாள். ரிப்பன் விற்கிறவள், தலையைச் சீவக்கூட இல்லை. யாழினி அவள் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“ஒன்னே ஒன்னு கேக்க வந்தேன்க்கா. அந்தச் சத்தியத்தைத் திருப்பி எடுத்துக்க. நீ குடுத்ததுன்னு வக்கீல்கிட்ட சொல்லிடறேன். உன்னை ஒன்னும் பண்ணமாட்டாங்க. எங்கேயோ கெடந்துச்சு, எடுத்தேன்னு நீ சொன்னா போதும். அவரு வெளிய வந்துடுவாரு.”

நான் ஜெரால்டு தட்டில் குழம்பு ஊற்றினேன்.

“எங்கக்கா கெடந்துச்சு அது?”

ஜெரால்டு தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. மெல்லவும் இல்லை. தேன்மொழி அவனைப் பார்த்தாள். அவன் முழங்கையில் காய்ந்துபோன சிராய்ப்பைப் பார்த்தாள். திரும்ப என்னைப் பார்த்தாள்.

அப்போது நான் சொன்னேன்: “புள்ள தலையில கைவச்சு சொன்னதுடி. வெளையாடாத. ஏற்கெனவே ரெண்டு தடவ வலிப்பு வந்த புள்ள.”

அவள் கை தானாகப் பிள்ளையின் தலைக்குப் போயிற்று. மூடிக்கொள்கிற மாதிரி. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். ஆறு வயதுப் பிள்ளையை இப்போது யாரும் தூக்குவதில்லை.

“மோர் இருக்காக்கா?” என்று ஜெரால்டு கேட்டான். ஊற்றினேன்.

மார்ச் 5, சாம்பல் புதன்

கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசினார்கள். அதற்கு முன்னால் சாமியாரிடம் முட்டி போட்டு, செய்த பாவங்களைச் சொல்கிற பாவசங்கீர்த்தனம். கோபப்பட்டேன் சாமி, பொய் சொன்னேன் சாமி, போன மாசம் ரெண்டு ஞாயிறு பூசைக்கு வரவில்லை சாமி என்றேன்.

“வேற?”

முட்டி வலித்தது. பின்னால் வரிசை நீண்டிருந்தது.

“வேற இல்ல சாமி.”

பத்து அருள்நிறை மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். பத்துக்குப் பதில் ஐம்பது சொன்னேன்.

மார்ச் 9, ஞாயிறு

சந்தை. தேன்மொழி வரவில்லை. யாழினியைக் கூட்டிக்கொண்டு மணப்பாறைக்கு, அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாளாம். அவள் இடம் காலியாகக் கிடந்தது. ஒரு பொம்பளை, “கிளிப் விக்கிறவங்க எங்க?” என்று கேட்டாள். தெரியாது என்றேன். பத்து மணிக்குள் வேறு யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்று என் தார்ப்பாயை இழுத்து அந்த இடத்தையும் சேர்த்து விரித்தேன். கால் நீட்டிக்கொள்ள வசதியாக இருந்தது. அப்புறம் மடக்கிக்கொண்டேன்.

மார்ச் 13, வியாழன்

ஜெரால்டு மதியம் வந்தான். வண்டிக்கு நீலப் பெயின்ட் நன்றாகத்தான் இருக்கிறது. மேஜையில் ஒரு சங்கிலியைப் போட்டான். கவரிங். புதுசு கூட இல்லை.

“வாய்க்கா பக்கம்” என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கொக்கி மூடியிருந்தது.

புளி ஊறப்போட்டேன். சாயங்காலம் உட்கார்ந்து, விற்காமல் மிச்சமிருக்கிற சங்கிலிகளையெல்லாம் டின்னிலிருந்து கொட்டி, ஒவ்வொன்றிலும் கொக்கிப் பக்கம் இருந்த இரண்டாவது வளையத்தைக் கத்தரித்து எடுத்தேன். நாற்பத்தொரு சங்கிலி. விரலெல்லாம் கீறிக்கொண்டது. இனிமேல் ஒற்றை வளையம்தான் போடுவேன், அதையும் லேசாகத்தான் பற்றவைப்பேன். இழுத்ததும் கையோடு வந்துவிட வேண்டும்.